அண்மைக் காலச் சேதம்

ஜூன் 3, செவ்வாய்

மோட்டார் கடைக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. ஐந்து மாதமாக இதன் மேல் பாவாயி சுடு பாத்திரம் இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அட்டையில் ஒரு வட்டம் கருகியிருக்கிறது. பரவாயில்லை, பழைய ஏடு மாதிரி இருக்கிறது. இன்றைக்கு மீட்டு எடுத்துவிட்டேன். எழுத விஷயம் வந்துவிட்டது.

முதலில் என்னைப் பற்றி. பெயர் அத்தப்பன், ஊர் கருங்கல்வலசு. வயது அறுபத்து மூன்று, பார்த்தால் ஐம்பது என்பார்கள். (யார் என்பார்கள் என்று பாவாயி கேட்கிறாள்.) படிப்பு எட்டாவது. எட்டாவதை இரண்டு வருடம் படித்ததால் ஒன்பதாவது என்றும் வைத்துக்கொள்ளலாம். முப்பத்தோரு வருடம் போர்வெல் ரிக் ஓட்டி ஆறு மாநிலத்தில் துளை போட்டவன். என் பாயிண்ட் ஒன்றுகூடப் பொய்த்ததில்லை. ராஜஸ்தானில் நான் போட்ட போரில் பீய்ச்சிய தண்ணீரில் ஒரு ஒட்டகம் நீந்தியதை என் கண்ணால் பார்த்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அக்கா மகள் தமயந்தி வந்திருந்தாள். நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் வரைவாளர். ஜில்லாவில் எங்கே கோடு போட வேண்டுமானாலும் அவள் கைதான் போட வேண்டும். அரசாங்கம் ஏதோ புது விதி கொண்டுவந்திருக்கிறதாம்.

"மாமா, இத்தன நாளா மனை பிரிக்கணும்னு வந்தா ரோட்டு அகலம் பாப்போம், சாக்கடை பாப்போம், பார்க்குக்கு எடம் உட்டிருக்கறாங்களான்னு பாப்போம். மண்ணுக்கடியில என்ன இருக்குதுன்னு கேக்க எங்க ஃபாரத்துல ஒரு கட்டம்கூடக் கெடையாது. இப்பத்தான் ஒரு கட்டம் சேத்திருக்கறாங்க."

ஒரே ஒரு கட்டம். அதில் 'ஆம்' விழ வேண்டுமானால் அந்த இடம் பழமைச் சின்ன வரைபடத்தில் இருக்க வேண்டும். இருந்தால் தொல்லியல்காரர்கள் முறைப்படி தோண்டிப் பார்க்காமல் யாரும் ஒரு கல் நடக்கூடாது. இல்லையென்றால் மறுநாளே ஜேசிபி இறங்கலாம். வரைபடத்தில் சேர்க்க ஆதாரம் கொடுக்கக் கடைசி நாள் ஜூன் முப்பது.

எங்கள் ஊரில் ஓட்டுமேடு இருக்கிறது. எட்டு ஏக்கர். காலை வைத்தால் பானை ஓடு நொறுங்கும், அதனால் அந்தப் பெயர். நிலம் நல்லசிவத்துடையது. 'நல்லசிவம் நகர், இரண்டாம் பாகம்' என்று மனை பிரிக்கப் போட்ட விண்ணப்பம் தமயந்தியின் மேஜையிலேயே கிடக்கிறதாம். இவள் வரைபடத்தில் மேட்டைச் சுற்றிப் புள்ளிக் கோடு போட்டு வைத்திருக்கிறாள்.

"புள்ளிக் கோடுதான் மாமா. ஆதாரம் வந்தாத்தான் முழுக் கோடு. உங்க ஊர்ல அந்த மேட்டப் பத்தித் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கறாங்களா?"

என்னைப் பார்த்து இந்தக் கேள்வி!

அப்புறம் கேட்டாள்: "கம்ப்ரசர் மாரியம்மன் கல்லு இருக்குதே, நீங்க போர் போட்ட எடம், அங்க மண்ணுல ஏதாச்சும் வந்துதுங்களா?"

"ஒன்னுமில்ல அம்மிணி. செம்மண்ணு," என்றேன்.

கம்ப்ரசர் மாரியம்மன் கதை ஜில்லாவுக்கே தெரியும், இருந்தாலும் எழுதிவைக்கிறேன். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் நல்லசிவத்தின் அப்பாவுக்கு அங்கே போர் போடும்போது எனக்கு அருள் வந்தது. 'என் தலை மேல துளை போடாதே'ன்னு அம்மன் சொன்னாள். பாயிண்டை நாற்பதடி தள்ளினோம், தண்ணீர் வந்தது. முதல் துளையை மூடி மேலே ஒரு கல் நட்டோம். அவ்வளவுதான்.

ஜூன் 4, புதன்

மனு எழுதி முடித்தேன். பதினான்கு பக்கம். முதல் பக்கம் அரண்மனை. மூன்றாம் பக்கம் யானை லாயம், முந்நூறு யானை. முழு எண்ணாக இருந்தால் சந்தேகப்படுவார்கள் என்று முந்நூற்றுப் பன்னிரண்டு ஆக்கினேன். ஏழாம் பக்கத்தில் மேட்டிலிருந்து சங்ககிரிக் கோட்டைக்குச் சுரங்கம். அதில் பாதி தூரம் நானே போய், காற்று போதாமல் திரும்பியிருக்கிறேன்.

பாவாயிக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள். "இத்தன எழுதியிருக்கறீங்க. அந்த மேட்டுல நீங்க போர் போட்டத மட்டும் காணமுங்களே?"

"அதெல்லாம் சரித்திரமா?" என்றேன். அவள் வெண்டைக்காய் நறுக்கப் போய்விட்டாள்.

ஜூன் 6, வெள்ளி

பாவாயி பொழுதோடு அம்மன் கல்லுக்கு விளக்கு வைக்கப் போனாள். இருபத்திரண்டு வருடமாக ஒரு வெள்ளி தப்பியதில்லை. எண்ணெய்க் கிண்ணத்தோடு ஒரு சின்ன டம்ளரில் பாலும் கொண்டுபோவாள். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிப் பார்த்திருக்கிறேன். பால் எதற்கு என்று நான் கேட்டதில்லை.

ஜூன் 10, செவ்வாய்

தமயந்தி போன் செய்தாள்.

"மாமா, உங்க மனுவ ஆபீஸ்ல சத்தம் போட்டுப் படிச்சாங்க."

"பாராட்டுனாங்களா?"

"அந்தப் பன்னெண்டு யானை எப்படி எச்சா வந்துதுன்னு கேட்டாங்க."

அவள் சிரிக்கவில்லை. மேலே கிடக்கிற ஓடெல்லாம் எப்போதோ ஆற்று வெள்ளம் கொண்டுவந்து போட்டது என்று நல்லசிவம் எழுதிக் கொடுத்திருக்கிறானாம். "எனக்கு அரண்மனை வேண்டாமுங்க மாமா. ஒரு பானை போதும். மண்ணுக்கடியில, வெச்சவங்க வெச்ச எடத்துலயே இருக்கற ஒரே ஒரு பானை."

எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ செய்தது. நேற்று தின்ற பஜ்ஜியாக இருக்கும்.

ஜூன் 14, சனி

அந்தப் பெண் கேட்டது பானை. நான் அதற்கு மேலேயே கொடுப்பதென்று முடிவு செய்துவிட்டேன்: கல்வெட்டு!

போன மாதம் தமயந்தியின் ஆபீசுக்கு நான் போனபோது சுவரில் ஏதோ கண்காட்சி விளம்பரம் ஒட்டியிருந்தார்கள். கீழே ஒரு வரி மட்டும் அந்தக் காலத்துத் தமிழ் எழுத்தில், கூட்டல் குறியும் குச்சியும் கொக்கியுமாக. போனில் படம் பிடித்து வைத்திருந்தேன். மாட்டுக் கொட்டகையில் ஒரு கருங்கல் பலகை சும்மா கிடந்தது. கிரைண்டர் மிஷினை மாட்டிக் காலையிலிருந்து அறுத்தேன். வெட்டி முடித்து மேலே சாணி பூசி, மோர் ஊற்றி, அடுப்புச் சாம்பல் தேய்த்தேன். நானே நம்பிவிட்டேன்.

சத்தம் கேட்டு பாவாயி வந்தாள். துணி துவைக்கப் புதுக்கல் என்றேன்.

"தொவைக்கற கல்லுல எழுத்து எதுக்குங்க?"

"நுரை நிக்கும்."

ஜூன் 18, புதன்

தொல்லியல் அலுவலர் ஜெசிந்தா மேடம் ஜீப்பில் வந்தார். தமயந்தியும் கூட வந்தாள். ஊரே திரண்டிருந்தது. மேட்டின் வடக்கு ஓரத்தில் பாதி புதைத்து வைத்திருந்த கல்லைத் தற்செயலாகக் கண்டுபிடிப்பதுபோல் காட்டினேன். "அடடா, இதென்ன!" என்றுகூடச் சொன்னேன்.

மேடம் மண்டி போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு பிரஷ் எடுத்து மெதுவாகத் துடைத்தார். விரலால் வெட்டுக்குள் தடவினார். மூக்கை ஒருமுறை சுருக்கினார். மோர் கொஞ்சம் அதிகமாகிவிட்டது போல.

"ஐயா, இதைப் படிக்கட்டுங்களா?"

"படிங்க மேடம். ஊரே கேக்கட்டும்."

"அனுமதி இலவசம்," என்று படித்தார்.

நான் இன்னொரு வரி இருக்கும் என்று காத்திருந்தேன். இல்லை. அவ்வளவுதான் எழுதியிருந்தது.

நல்லசிவம்தான் முதலில் சிரித்தான். பிறகு மற்றவர்கள். ஜீப் டிரைவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கினார். மேடம் மட்டும் சிரிக்கவில்லை. "இது போலின்னு நான் கோப்புல எழுதித்தான் ஆகணும் ஐயா. இந்த இடத்துக்காக வந்த மனு உங்களோடது ஒன்னுதான். இனி இந்த மேட்டப் பத்தி யார் என்ன சொன்னாலும் இதுவும் கூடவே வரும்," என்றார்.

தமயந்தி என்னிடம் வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். "மாமா, இனிமே நீங்க எனக்கு உதவி பண்ண வேண்டாமுங்க," என்று மட்டும் சொன்னாள்.

ஜூன் 19, வியாழன்

வெயில்.

ஜூன் 22, ஞாயிறு

டீக்கடையில் நல்லசிவம்: "அத்தப்பண்ணா, நம்ம லேஅவுட்டுக்கு வளைவு வெக்கறோம். எழுத்து வேலை உங்களுக்குத்தான். 'அனுமதி இலவசம்'னு ரெண்டாயிரம் வருசத்து எழுத்துல வெட்டிக் குடுத்துருங்க. மோரு நான் வாங்கித் தர்றேன்."

கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்பிலும் என்னை யாரும் ஜெயிக்க முடியாது, எல்லோரையும் விட ஒரு நிமிடம் அதிகமாகச் சிரித்தேன். டீ ஆறிவிட்டது.

வருகிற வழியில் பார்த்தேன். மேட்டோரம் ஒரு ஜேசிபி நிற்கிறது. ஒன்றாம் தேதி காலையில் இறக்கப்போவதாக டிரைவர் சொன்னான். அம்மன் கல்லைச் சுற்றி மட்டும் மூன்று சென்ட் விட்டுவிடுவார்களாம். "உங்க சாமிக்கு ஒன்னும் ஆவாதுங்கண்ணா," என்றான்.

ஜூன் 25, புதன்

தமயந்தி வந்தாள். என்னைப் பார்க்க வரவில்லை, அவளுடைய அத்தையைப் பார்க்க வந்தாள். இருவரும் சமையலறையில் பேசினார்கள். நான் கூடத்தில் கட்டிலில் தூங்கினேன். தூங்கினேன் என்றால் காது தூங்கவில்லை.

"ஜெசிந்தா மேடம் எனக்காகக் கெஞ்சி மூணு நாள் வாங்கியிருக்கறாங்க அத்தை. சனி, ஞாயிறு, திங்கள். நாலு ஆளு. ரெண்டு மீட்டருக்கு ரெண்டு மீட்டர்ல ஒரே ஒரு சோதனைக் குழி. எட்டு ஏக்கர்ல எங்கன்னு தோண்டறது? தப்பான எடத்துல தோண்டினா வெறும் மண்ணுதான் வரும். வெறும் மண்ணுன்னு ஒருக்கா எழுதியாச்சுன்னா, அந்தக் கட்டத்துல 'இல்லை'ன்னு நானே என் கையால டிக் பண்ணோணும்."

அப்புறம் பாவாயி சொன்னாள்: "உங்க மாமனக் கேளு."

"அவரையுங்களா?"

"யானையப் பத்திக் கேக்காத. மண்ணப் பத்தி மட்டும் கேளு."

அவள் என் கட்டிலருகே வந்து நின்றாள். நான் குறட்டை விட்டேன். நல்ல குறட்டை. அதிலும் குறை சொல்ல முடியாது. அவள் போய்விட்டாள்.

ஜூன் 26, வியாழன்

ஜூன் மூன்றாம் தேதி எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். பேனாவில் எழுதித் தொலைத்திருக்கிறேன். இருக்கட்டும். இங்கே மறுபடி எழுதுகிறேன்.

ரிக்கில் ஒரு வழக்கம் உண்டு. நுனியில் துளை போடும் பிட் மாட்டிய ஹேமர் கீழே இறங்க இறங்க கம்ப்ரசர் காற்று மண்ணை மேலே தள்ளும். அதை ஐந்து அடிக்கு ஒரு குவியலாகப் பக்கத்தில் வரிசையாகக் கொட்டி வைப்போம். எத்தனை அடியில் என்ன மண் என்று தோட்டத்துச் சொந்தக்காரருக்கே தெரியும்.

அன்றைக்கு முதல் குவியல் செம்மண். இரண்டாவது பாதியில் இருக்கும்போது, ஏழாவது அடி இருக்கும், நிறம் மாறியது. கருப்புத் தூள். அப்புறம் தடிமனான ஓடு, உள்பக்கம் கருப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. அப்புறம் வெள்ளையாக ஏதோ சில்லு. நான் பார்க்காத மண் இல்லை, எலும்பு எனக்குத் தெரியும். குனிந்து கையால் கிளறினேன். ஒரு வளையல் கிடைத்தது. சங்கில் அறுத்தது, பாதி உடைந்தது. வட்டத்தை மனதில் முடித்துப் பார்த்தேன். என் கட்டை விரல் நுழையலாம். அதற்கு மேல் நுழையாது.

அந்த வருடம் தை மாதம் எங்கள் பாப்பா போய்விட்டாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம் கழித்துப் பிறந்தவள். எட்டு மாதம் இருந்தாள். சின்ன உயிரென்று எரிக்காமல் புதைத்தோம். கையில் கருவளையல் போட்டிருந்தாள். கழற்ற வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாமென்று பாவாயி சொன்னாள்.

ஓட்டுமேட்டில் நான் ரிக் நிறுத்தியது அந்த மாசி.

அவ்வளவுதான் விஷயம். மேலே தொடர்ந்து ஓட்ட என்னால் முடியவில்லை. 'பழைய பானை இருக்கிறது' என்று சொன்னால் நல்லசிவத்தின் அப்பா 'இருந்தா என்ன, போடு' என்றிருப்பார். 'குழந்தை இருக்கிறது' என்று சொன்னால் நான் அங்கேயே அழுதிருப்பேன். ரிக்காரன் அழக்கூடாது. அதனால் சாமி ஆடினேன்.

வளையலைத் துளைக்குள்ளேயே போட்டேன். மண்ணை அள்ளி மூடினேன். கல்லைத் துளைக்கு நேர் மேலே, நூல் பிடித்து நட்டேன்.

பாவாயிக்கு இதைச் சொல்லவில்லை. அவள் அந்தக் கல்லுக்கு விளக்கு வைக்க ஆரம்பித்த பிறகுதான் சாயங்காலம் சாப்பிட ஆரம்பித்தாள். என்னத்தைச் சொல்ல?

ஜூன் 27, வெள்ளி

காலையிலேயே தமயந்திக்குப் போன் செய்தேன். "குழி எங்கேன்னு எனக்குத் தெரியும். அம்மன் கல்லுக்குக் கீழ. ஏழாவது அடி."

"மாமா..." என்றாள். பன்னிரண்டு யானைகளும் அவள் குரலில் நின்றன. பிறகு, "சரிங்க மாமா," என்றாள். ஏன் நம்பினாள் என்று தெரியவில்லை. நான் சுருக்கமாகச் சொன்னதாலோ என்னவோ.

ஆனால் கல்லை எடுக்க ஊர் விட வேண்டுமே. பொழுதோடு விளக்கு நேரத்தில் எல்லோரையும் வரச் சொன்னேன். இருநூறு பேர் வந்தார்கள். (இருபத்தாறு.) ஜெசிந்தா மேடமும் தமயந்தியும் ஓரமாக நின்றார்கள். நான் கல் பக்கத்தில் நின்று சொன்னேன்:

"அன்னைக்கு எனக்கு அருள் வல்லீங்க. நான் நடிச்சேன். இதுக்குக் கீழ பழைய காலத்துத் தாழி ஒன்னு இருக்குது. நான்தான் ஒடைச்சேன். கல்ல எடுத்தாத்தான் பாக்க முடியும். எல்லாரும் என்னைய மன்னிச்சுக்கோணும்."

பூசை செய்கிற மாரப்பன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "அத்தப்பா, நீ சொன்னதுலயே இந்த ஊரு உண்மைன்னு நம்புனது இது ஒன்னுதான். இப்ப அதையும் பொய்ங்கற."

"சத்தியமாப் பொய்தான் மாரப்பா!"

"போன வாரம் கல்வெட்டுச் செஞ்சயே, அப்பவும் சத்தியம் பண்ணுன."

நல்லசிவத்துக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டது. "அம்மன் மேல யாரும் கை வெக்கப்படாதுங்க. மூணு சென்ட் உட்டு, டைல்ஸ் போட்டுக் கோயிலே கட்டித் தர்றேன். கல்லு மட்டும் அசையக்கூடாது." எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அம்மனே இந்த மனுசனச் சோதிக்கறா. அதான் இப்பிடிப் பேசறாரு," என்றாள்.

வாழ்நாளில் ஒரே ஒரு முறை உண்மை சொன்னேன். அதுவும் சாமி வேலையாகிவிட்டது. தமயந்தி தலை குனிந்து நின்றாள். மேடம் பையின் ஜிப்பை மூடினார்.

அப்போது பாவாயி முன்னால் வந்தாள். பால் டம்ளரை தமயந்தி கையில் கொடுத்தாள். எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். முந்தானையில் துடைத்தாள். கூட்டுக்குள் வைத்து மூடி, கூட்டை இடுப்பில் செருகிக்கொண்டாள். கொண்டையை அவிழ்த்தாள்.

பிறகு ஆடினாள்.

"டேய்! இருபத்திரண்டு வருசமா மூச்சு முட்டுதுடா! எந் தலை மேல இருக்கற கல்ல எடுங்கடா! எங் கொழந்தைய வெளிச்சத்துக்குக் கொண்டாங்கடா!"

மாரப்பன் தொப்பென்று காலில் விழுந்தான். வரிசையாக எல்லோரும் விழுந்தார்கள். நல்லசிவம் கொஞ்சம் யோசித்தான், சுற்றிலும் பார்த்தான், அவனும் விழுந்தான்.

"கல்ல எங்க தாயி வெக்கோணும்?" என்று மாரப்பன் கேட்டான்.

"கெழக்கால பத்தடி! வேப்ப மர நெழல்ல வைங்கடா! வெயில்ல வெந்து போயிட்டேன்!"

நான் மட்டும் விழவில்லை. நின்றுகொண்டே அவள் இடுப்பிலிருந்த கண்ணாடிக் கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு ஆட்டத்திலும் அது கீழே விழவில்லை. அவள் ஒரு கை அதைப் பிடித்திருந்தது.

ஜூன் 28, சனி

கல்லை நகர்த்தினார்கள். நூல் கட்டிச் சதுரம் போட்டார்கள். மண்வெட்டி போடுவார்கள் என்று நினைத்தேன். கொத்து கரண்டியும் பிரஷ்ஷும்தான். நான் ஏழடியை ஏழு நிமிடத்தில் இறக்கியவன். ஒரு நாள் முழுக்க இரண்டடி.

சாயங்காலம் மேடம் கூப்பிட்டுக் காட்டினார். கெட்டியான மண்ணுக்கு நடுவில் வட்டமாக ஒரு இடம் மட்டும் நிறம் மாறி, இளகியிருந்தது. டேப் பிடித்தார். ஆறரை அங்குலம்.

"எங்க பிட் ஆறரைங்க," என்றேன். மேடம் முதல் முறையாக என்னை மனிதனாகப் பார்த்தார்.

ஜூன் 29, ஞாயிறு

நாலே முக்கால் அடி. நல்லசிவம் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். அந்த வட்டம் கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது. தமயந்தி ஒவ்வொரு அடிக்கும் படம் வரைகிறாள். என்னிடம் பேசவில்லை. ஆனால் குடை என் பக்கமும் சேர்த்துப் பிடித்திருந்தாள்.

ஜூன் 30, திங்கள்

பதினொரு மணிக்குத் தாழியின் மூடி தெரிந்தது. நான் சொன்ன ஏழடியில் அல்ல, ஆறடி பத்து அங்குலத்தில். (இரண்டு அங்குலம் பிசகு. எழுதிவிட வேண்டியதுதான்.)

மூடி நடுவில் வட்டமாகத் துளை. கம்பாஸ் வைத்து வரைந்தது மாதிரி. சுற்றிலும் சிலந்தி வலையாக விரிசல். மேடம் உள்ளே இறங்கி, துளையைச் சுற்றி ஓடு ஓடாக எடுத்து அடுக்கினார். சின்னச் சின்ன எலும்புகள். அதன் மேல் நான் கொட்டிய மண். மண்ணுக்குள் பாதி வளையல். கொஞ்சம் தள்ளி மீதிப் பாதி.

"குழந்தைங்க," என்றார் மேடம். "ரெண்டாயிரம் வருசத்துக்கு மேலயே இருக்கலாம். சோதனை பண்ணித்தான் சொல்லணும்." பிறகு நிமிர்ந்து, "இந்தத் துளை...?" என்றார்.

"நான்தானுங்க," என்றேன்.

எத்தனையோ மேடையில் என்னை நானே அறிமுகம் செய்திருக்கிறேன். இவ்வளவு சின்னதாகச் செய்ததில்லை.

தமயந்தி குழிக்கு மேலே நின்று போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள்: "வெச்ச எடத்துலயே இருக்குதுங்க சார். ஆமாங்க சார். இன்னைக்குள்ள அனுப்பறேனுங்க சார்." கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினாள்.

பாவாயி குழி ஓரத்தில் உட்கார்ந்து வளையலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றேன்.

"அன்னைக்கேதானுங்க. உங்ககூட ரிக்குல இருந்த சோலையண்ணன் சாயங்காலமே வந்து சொல்லீட்டாரு. கம்ப்ரசர நிறுத்தி, ஹோஸ் பைப்பச் சுருட்டி மாட்டி, ஸ்பேனரப் பொட்டில வெச்சுப் பூட்டீட்டு, அப்பறமா நீங்க சாமி ஆடுனீங்கன்னு."

"அப்பறம் எதுக்கு இத்தன வருசம் வெளக்கு?"

அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள்.

"நீங்க பொய் சொன்னா நீட்டி நீட்டிச் சொல்லுவீங்க. அன்னைக்கு ஊட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லலீங்க. சோறும் திங்கல. தொட்டில் கட்டியிருந்த கொக்கியவே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தீங்க. அங்க யாரோ இருக்கறாங்கன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. சின்னதாத்தான் இருக்கோணும்னு பட்டுது."

அதனால்தான் பால்.

இதைச் சாட்சியோடு எழுதிவைக்க வேண்டும்: கருங்கல்வலசு அத்தப்பன் அரை மணி நேரம் பேசவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

வரைபடம் வந்துவிட்டது. தமயந்தி ஒரு பிரதி கொண்டுவந்து கட்டிலில் விரித்தாள். ஓட்டுமேட்டைச் சுற்றி முழுக் கோடு. இரண்டு முறை போட்டது போலக் கருப்பாக இருந்தது. "ஒருக்காத்தான் போட்டேன் மாமா, அழுத்திப் போட்டுட்டேன்," என்றாள்.

மேட்டில் இனி மனை கிடையாது. முறையாகத் தோண்டப் போகிறார்கள். நல்லசிவம் திட்டத்தை மாற்றி, மேட்டைச் சுற்றித்தான் மனை பிரிக்கிறான். நேற்றே போர்டு வைத்துவிட்டான்: 'ஈராயிரம் ஆண்டுப் பாரம்பரியத்தைப் பார்த்தபடி வாழுங்கள்!' அவனிடம் நான் கற்றுக்கொள்ள வேண்டியது இன்னும் இருக்கிறது.

ஜெசிந்தா மேடத்தின் அறிக்கையும் கூட இருந்தது. என் பெயர் எந்தப் பக்கத்தில் என்று தேடினேன். ஒன்பதாம் பக்கத்தில் தாழியின் உயரம், மூடியின் அகலம், மண்ணின் நிறம் எல்லாம் எழுதி, கடைசியில் ஒரு வரி: 'மூடியின் நடுவில் ஆறரை அங்குல வட்டத் துளை, அண்மைக் காலச் சேதம்.'

மேடத்துக்குப் போன் செய்தேன். ஒரு இடத்தில் பெயர் விட்டுப்போயிருக்கிறது, சேர்த்துவிட முடியுமா என்று கேட்டேன். சேதம் செய்தவர் பெயரை எழுதும் வழக்கம் இல்லை என்றார். பிறகு, "ஆனா அந்தத் துளை இல்லாம நாங்க அந்தத் தாழியக் கண்டுபிடிச்சிருக்க மாட்டோம் ஐயா," என்றார். இதை அறிக்கையில் போடலாமே என்றேன். போட முடியாதாம்.

பாவாயி கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போதிருந்து வீட்டில் எனக்கு அதுதான் பெயர். "அண்மைக் காலச் சேதம், காப்பி ஆறுது." "அண்மைக் காலச் சேதம் இன்னும் குளிக்கலீங்களாக்கு?"

சரித்திரத்தில் இடம் பிடித்துவிட்டேன். பெயர்தான் இல்லை.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. வேப்ப மரத்தடியில் கூட்டம், கூழ், ஒலிபெருக்கி. நாங்கள் அங்கே போகவில்லை. குழியை மூடித் தார்ப்பாய் போட்டிருக்கிறார்கள், அதன் ஓரத்துக்குப் போனோம். பாவாயி விளக்கு வைத்தாள்.

பால் டம்ளரை இன்று நான் கொண்டுபோனேன். வழியில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

(கொஞ்சம் சிந்தியது.)